களிம்பக்காவின் நாற்பத்து மூன்று மூடிகள்

நவம்பர் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை மணி பதினொன்று இருபது. மழை விட்டு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மேகம் தெருவில் இறங்கி நின்றதால் ஆறாவது மின்கம்பத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில், கொடைக்கானலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வைத்து, நான் உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஓர் எந்திரம் முடிவு செய்தது. அங்கிருந்து என்னை உயிரோடு இருப்பவர்கள் பட்டியலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர் களிம்பக்கா. இந்த மலையில் நான் எண்ணாத பொருள் கிடையாது. எண்ணியும் கணக்கில் அடங்காத மனிதர் அவர் ஒருவர்தான்.

எப்படிக் கொண்டுவந்தார் என்று கேட்காதீர்கள். எனக்கே இன்னும் தெளிவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்காவது புரிகிறதா என்று பாருங்கள்.

நான் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் முப்பத்து நான்கு ஆண்டுகள் டைம்கீப்பராக இருந்தவன். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி எழுதி, ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. என் வீட்டு மாடிப்படி பதினேழு. பக்கத்து வீட்டு நாய் ஒரு நாளைக்குச் சராசரியாக நாற்பத்தெட்டு முறை குரைக்கும். என் கைகளை நான் ஒரு நாளைக்குப் பதினான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவுவேன். கொரோனா காலத்தில் ஆரம்பித்த வழக்கம். கொரோனா போய்விட்ட தகவல் என் கைகளுக்கு வந்து சேரவில்லை.

கழுவிக் கழுவி விரல் நுனிகள் தோலுரிந்து, வெடித்து, வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. டாக்டர் மூன்று டியூப் எழுதிக் கொடுத்தார். மூன்றையும் தடவினேன். தடவியதும் பிசுபிசுப்பாக இருந்ததால் உடனே கழுவினேன்.

ஓய்வூதியம் வாங்குகிற நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை விரல் ரேகை வைத்து உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். எனக்கு அந்த மாதக் கடைசி கெடு. ரேகை விழாவிட்டால் திண்டுக்கல்லுக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போடலாம். அதில்தான் சிக்கல். இத்தனை ஆண்டுகள் பஸ்களை அனுப்பிவைத்த எனக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினால் வாந்தி வரும். வத்தலக்குண்டு போய்ச் சேர்வதற்குள் நான்கு முறை. குறைந்ததும் இல்லை, கூடியதும் இல்லை. ஓய்வு பெற்ற அன்று எடுத்த முடிவு, இனி மலையை விட்டு இறங்குவதில்லை என்பது.

கம்ப்யூட்டர் சென்டர் பெண் என் விரல்களை ஒவ்வொன்றாக எந்திரத்தில் வைத்தாள்.

"நல்லா அழுத்தி வைங்க தாத்தா."

"அழுத்தித்தான்மா வச்சிருக்கேன்."

"ரேகை விழ மாட்டேங்குது. கைய மாவுல உருட்டுன மாதிரி வச்சிருக்கீங்களே."

பத்து விரலுக்கு மும்மூன்று முறை, மொத்தம் முப்பது முறை பார்த்தாள்.

"நான் உசுரோடதானம்மா முன்னால நிக்கிறேன்."

"எனக்குத் தெரியுது தாத்தா. சிஸ்டத்துக்குத் தெரியணும்ல."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்தார். பூம்பாறையிலிருந்து வந்தவர், பெயர் செல்வி. கையில் பூண்டு வாசனை.

"எங்க கையும் இப்பிடித்தாங்க கெடந்துச்சு. பூண்டு உரிச்சு உரிச்சு நுனியெல்லாம் வெந்துரும். ரேஷன் கடை மெஷினு எங்களயும் ஆளே இல்லன்னு சொல்லும். களிம்பக்காட்ட போங்கய்யா. அது குடுத்தத தடவித்தான் எங்க வீட்டுக்கு அரிசியே வருது."

களிம்பக்காவை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனந்தகிரியில் எங்கள் தெருவிலேயே, என் வீட்டுக்கு நாலு வீடு கீழே இருப்பவர். உண்மைப் பெயர் கரண்ட் பில்லில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. என்னைவிடப் பதினோரு வயது இளையவர். தெருவில் எல்லோரும் அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மூத்தவராக இருப்பது எப்படி என்று யோசித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

வேலையில் இருந்த காலத்திலேயே அவர் எனக்குத் தலைவலி. வாரம் ஒருமுறை வத்தலக்குண்டு பஸ்ஸில் அவருக்கு ஒரு சாக்கு வரும். உள்ளே இலை தழை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என்னக்கா இது, கீழ குப்பையில கெடக்குறத மூட்ட கட்டி மேல ஏத்துறீங்க?"

"குப்பைமேனி வேற எங்கண்ணே கெடக்கும்? ஒங்க பஸ் ஸ்டாண்டுல அதவிட நல்ல குப்பை இருந்தா காட்டுங்க, இங்கனயே பறிச்சுக்கிறேன்."

பதிவேட்டில் அதை என்னவென்று எழுதுவது என்று தெரியாமல் 'களை, மூட்டை ஒன்று' என்று எழுதினேன்.

போன மே மாதம் நடந்தது இன்னும் மோசம். சீசனுக்கு வந்த ஒரு சென்னைப் பெண் யார் மூலமோ கேள்விப்பட்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் அப்போது அவர் கேட் அருகே நின்று கார்களை எண்ணிக்கொண்டிருந்ததால் முழுப் பேச்சும் காதில் விழுந்தது.

"ஆன்ட்டி, இதுல என்னென்ன இன்கிரீடியன்ட்ஸ் இருக்கு?"

"நீ தடவப் போறியா, திங்கப் போறியா?"

"தடவத்தான்."

"அப்ப எதுக்கு ரேஷன் கார்டு மாதிரி பேரெல்லாம் கேக்குற?"

"விலையாவது சொல்லுங்க."

"மூடியோட ரெண்டு கண்ணாடி பாட்டில்."

அந்தப் பெண் சிரித்து, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை தெருவில் பதினோரு கார்கள். களிம்பக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டார். 'களிம்பு இங்கே கிடையாது' என்று ஓர் அட்டையில் எழுதி, அதைக் கொண்டுவந்து என் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டார். அன்று மட்டும் இருபத்தாறு பேர் என் வீட்டு மணியை அடித்து, "எங்களுக்கு மட்டும் கொஞ்சம் கொடுங்க சார்" என்று கெஞ்சினார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார்.

சாயங்காலம் கோபமாகப் போய்க் கேட்டேன். "ஏங்க்கா எங்க வீட்டுல மாட்டுனீங்க?"

"என் வீட்டுல மாட்டுனா இங்கதான் இருக்குன்னு கண்டுபிடிச்சிருவாங்கள்ல?"

இதில் எங்கேயோ தவறு இருக்கிறது என்று மூன்று நாள் யோசித்தேன். எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான், எந்திரம் என்னைக் கைவிட்ட அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் போய் நின்றேன். அவர் சமையலறையில் சமையலுக்கான அறிகுறி எதுவும் இல்லை. அடுப்பில் ஒரு பெரிய சட்டியில் தண்ணீர் கொதித்தது. அதற்குள் ஒரு சின்னப் பாத்திரம், அதில் எண்ணெயும் தேன் மெழுகும் உருகிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் கல்லாகக் கிடக்கும். அதை அவர் கரண்டியால் வெட்டி வெட்டிப் போட்டார். சுவரில் ஒரு நீள அலமாரி. அதில் களிம்பு நிரப்பிய கண்ணாடி பாட்டில்கள். உட்காருவதற்கு முன்பே எண்ணிவிட்டேன், நாற்பத்து மூன்று. ஒன்றின் மீதும் பெயர் எழுதிய சீட்டு இல்லை. அதைவிடக் கொடுமை, ஒரு பாட்டிலுக்கும் அதன் சொந்த மூடி இல்லை. ஊறுகாய் பாட்டிலில் ஜாம் மூடி, ஜாம் பாட்டிலில் காபித்தூள் மூடி. பொருந்தாத மூடிகளைத் திருகாமல் சும்மா கவிழ்த்து, ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார். பார்த்ததும் எனக்கு உள்ளங்கை அரித்தது.

"வெரல காட்டுங்க."

காட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"வீட்டுல பாத்திரம் யாரு கழுவுறது?"

"அவதான்."

"கைய எத்தன தடவ கழுவுவீங்க?"

"பதினாலு."

"எண்ணிக்கிட்டே கழுவுவீங்களா, கழுவிட்டு எண்ணுவீங்களா?"

அவர் வெள்ளை மூடி போட்ட ஒரு ஜாம் பாட்டிலை எடுத்துத் திறந்து என் மூக்கடியில் நீட்டினார்.

"மோந்து பாருங்க. வாசன எப்பிடி இருக்கு?"

"ஒண்ணும் வரலியே."

"அப்ப சரி. கழுவணும்னு தோணுறப்பல்லாம் இத எடுத்துத் தடவுங்க. தடவுனா ஒரு மணி நேரம் தண்ணி படக் கூடாது. பட்டா மருந்து கோவிச்சுக்கும்."

மருந்து கோபித்துக்கொள்ளும் என்று படித்த மனிதரிடம் சொல்கிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் அதன் கோபத்தைச் சோதிக்கத் துணிவு வரவில்லை.

அடுத்தது விலை. கடையில் இரண்டு ஜாம் பாட்டில் வாங்கி, ஜாமைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, பாட்டில்களைக் கழுவித் துடைத்து மறுநாளே கொண்டுபோனேன். களிம்பக்கா அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அடியில ஸ்பூன் கீறலே இல்லையே. கொட்டிட்டுக் கொண்டாந்தீங்களா?"

"ஆமா. காலிதானே."

"காலி பண்ணுனது ஆகாதுண்ணே. தின்னு தீத்ததா இருக்கணும்."

ஏன் என்று கேட்டேன். "கொட்டுன வீட்டுக்காரங்க களிம்பையும் கொட்டிருவாங்க" என்றார். ஜாமைத் திரும்ப பாட்டிலுக்குள் அடைத்து, நானும் என் மனைவியும் பதிமூன்று நாட்கள் தின்றோம். இட்லிக்கு ஜாம், தோசைக்கு ஜாம், ஒருநாள் உப்புமாவுக்கு ஜாம். என் மனைவி சொன்னாள்: "இட்லிக்கு ஜாம் தொட்டுக்க வச்ச பொம்பளைய எனக்கு வெரசா ஒருநா காட்டுங்க. ரெண்டு கேள்வி கேக்கணும்." நாலு வீடு தள்ளி இருப்பவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். கோபத்தில் அப்படிப் பேசுவாள்.

அந்த நாட்களில் நான் தினமும் களிம்பக்கா வீட்டுக்குப் போய் விரல்களைக் காட்டினேன். போன இடத்தில் அவர் தொழிலையும் கவனித்தேன். புதுக் களிம்பு எதுவானாலும் முதலில் தன் இடது முழங்கையின் உட்புறத்தில் தடவி இரண்டு நாள் பார்ப்பார். அங்கே எப்போதும் ஏழெட்டு வட்டங்கள் இருக்கும். "இடது கை ஆபீஸு, வலது கை வீடு" என்பார். வருகிற எல்லோரிடமும் பாட்டிலைத் திறந்து நீட்டி, வாசனை எப்படி என்று கேட்பார். சொந்தச் சரக்கின் மணத்தைப் பற்றி இவ்வளவு பெருமை கூடாது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் தெருவில் போகும்போதே கருகல் நாற்றம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், சட்டியில் தண்ணீர் வற்றி, உள் பாத்திரத்தில் களிம்பு கரியாகிப் புகைந்துகொண்டிருக்கிறது. இவர் இரண்டடி தள்ளி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிம்மதியாக வேப்பிலை உருவிக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, தீயுது."

அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி முகம் வெளுத்தது.

"தெரியும். அப்பிடித்தான் தீயணும்."

அந்தக் கரியை என் வீட்டு கேட்டின் கீலில் தடவிவிட்டார். கேட் அதன் பிறகு கிரீச்சிடவே இல்லை. நான் அதிலேயே அசந்துபோய், அவர் முகம் ஏன் வெளுத்தது என்று கேட்க மறந்துவிட்டேன்.

நவம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை. களிம்பக்கா வெள்ளனே எழுந்து 6.10 பஸ்ஸில் வத்தலக்குண்டு சந்தைக்குக் கிளம்பினார், எண்ணெய் வாங்க. சாவியை என்னிடம் கொடுத்தார்.

"அடுக்கம் கிராமத்துலருந்து மெழுகுக்காரரு வருவாரு, வாங்கி வைங்க. வேற சோலி ஒண்ணுமில்ல. சும்மா ஒக்காந்திருங்க. எதயும் எண்ணிக்கிட்டிருக்காதீங்க."

எண்ணவில்லை. சத்தியமாக எண்ணவில்லை. ஏற்கெனவே எண்ணியாயிற்று, ஒன்று போனால் ஒன்று நிரப்பி அக்கா எப்போதும் நாற்பத்து மூன்றாகவே வைத்திருப்பார். ஆனால் மெழுகுக்காரர் ஒன்பதேகாலுக்கு வந்து போன பிறகு, அந்த அலமாரிக்கு எதிரே எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது? மதுரை பஸ்ஸில் பழனி போர்டு மாட்டியிருந்தால் எந்த டைம்கீப்பர் பார்த்துக்கொண்டிருப்பான்? எனக்குக் களிம்பு கொடுத்த மனிதருக்கு ஓர் உதவி என்று நினைத்துத்தான் தொடங்கினேன். எல்லா மூடிகளையும் கழற்றித் தரையில் பரப்பினேன். ஊறுகாய் மூடி ஊறுகாய் பாட்டிலுக்கு, தேன் மூடி தேன் பாட்டிலுக்கு. முப்பத்தொன்பது ஜோடி சேர்ந்தன. அநாதையாக நின்ற நான்கு மூடிகளை அளவு பார்த்துப் போட்டேன். ரப்பர் பேண்டுகளை எண்ணி ஒரு டப்பாவில் வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவான காலைப் பொழுது வாய்த்ததில்லை.

இரண்டு ஐம்பதுக்கு அவர் எண்ணெய் டின்களோடு உள்ளே வந்தார்.

"யாரு வந்தது?"

"மெழுகுக்காரரு. ரெண்டேகால் கிலோ, நிறுத்துப் பாத்தேன்."

"வேற?"

"வேற நான்தான். மூடியெல்லாம் சரி பண்ணிட்டேன்க்கா. எல்லாம் அததுக்கு அதது."

அவர் அலமாரியைப் பார்த்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார். பணப்பை பறிபோன கண்டக்டர்கள் அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"பாட்டில் எடத்தச் சொல்லும்ணே," என்றார் மெதுவாக. "ஊறுகா பாட்டில் காலுக்கு, ஜாம் பாட்டில் வெரலுக்கு, தேன் பாட்டில் மொகத்துக்கு, காபி பாட்டில் ஒடம்புக்கு. மூடிதான் என்ன செடின்னு சொல்லும். செவப்பு குப்பைமேனி. மஞ்ச செண்டுப்பூ. பச்ச கத்தாழ. கறுப்பு வேம்பு. நீலம் தைல மரம்."

"பாத்தா தெரியாதாக்கா?"

"மெழுகு சேந்தா எல்லாம் ஒரே நெறம்."

"அப்ப மோந்து பாத்துச் சொல்லிரலாமே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு வாசன தெரியாதுண்ணே. கொரோனாவுல போனது. வரவே இல்ல. அதுக்கப்புறம்தான் இந்த மூடி ஏற்பாடு. யாருக்கும் தெரியாது, பெத்த மகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா இந்த அடுப்ப பத்த வைக்க விடுவாளா?"

கருகிய சட்டி, வெளுத்த முகம், வருகிறவர்களை எல்லாம் மோந்து பார்க்கச் சொன்னது, எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கியது. விளங்கியதும் முன்பைவிடக் குழப்பமாகிவிட்டது. ஒரு மனிதரின் மூக்கை நாற்பத்து மூன்று துண்டாகக் கழற்றி, அழகாக அடுக்கி வைத்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்திருக்கிறேன். (இதை எழுதலாமா என்று சென்ற வாரம் கேட்டேன். "மககிட்ட சொல்லியாச்சு. பேரு போடாம எழுதுங்க" என்றார். தெரிந்தால்தானே போடுவதற்கு.)

"நாளைக்குப் பூம்பாறை ஆளுக வருவாங்க," என்றார் அக்கா. "செல்விக்கு செண்டுப்பூ ஆகாது. பட்டா வெரலு பொங்கிரும். அந்தக் கையோட அது எங்க போயி ரேக வைக்கும்? எல்லாத்தையும் கொட்டிர வேண்டியதுதான்."

அந்த வீட்டில் கொட்டுவது என்ற சொல்லுக்கு என்ன கனம் என்று எனக்குத் தெரியும். இரண்டு பாட்டில் ஜாம் தின்றவன் நான்.

"என் மூக்கு நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

மூன்றரை மணிக்கு ஆரம்பித்தோம். மணத்தை விவரிப்பது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. எந்தச் செடியின் வாசனையும் எனக்குத் தெரியாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் மோந்தது பஸ்களை மட்டுமே.

"சொல்லுங்கண்ணே, எப்பிடி இருக்கு?"

"மழையில நனைஞ்ச ஸ்டெப்னி டயரு மாதிரி."

"குப்பைமேனி. செவப்பு மூடி எடுங்க. அடுத்தது?"

"மதுரை பஸ்ஸு, பின் சீட்டு. பூக்காரம்மா எறங்கிப் போனப்புறம் கூட மூணு ஸ்டாப்புக்கு இருக்குமே, அது."

"செண்டுப்பூ. மஞ்ச."

"இது டிரைவருக ரெஸ்ட் ரூமு. காய்ச்சல்காரன் போத்துன போர்வ."

"வேம்பு. கறுப்பு."

"கண்டக்டர் பையி. காலி பண்ணி, சில்லறையெல்லாம் எடுத்தப்புறம்."

"கத்தாழ."

அடுத்ததைத் திறந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இது தெரியும்க்கா. தைலம்."

"அது என் கண்ணு எரியிறதுலயே எனக்குத் தெரிஞ்சிருச்சு. நீங்க தெரியாதத மட்டும் சொல்லுங்க."

மூன்று மணி நேரம் பத்து நிமிடம். பதினேழு முறை தும்மினேன். பொருந்தாத மூடிகள் ஒவ்வொன்றாகப் பொருந்தாத பாட்டில்களுக்குத் திரும்பிப் போவதைப் பார்க்கப் பார்க்க, என்னை அறியாமல் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதுவும் ஏன் என்று தெரியவில்லை.

நாற்பத்து மூன்றாவது பாட்டிலில் மட்டும் எந்த பஸ்ஸும் வரவில்லை.

"ஒண்ணும் இல்லக்கா."

"நல்லா மோந்து பாருங்க."

"ஒண்ணுமே இல்ல."

"அப்ப வெள்ள மூடி."

"வெள்ளைன்னா என்ன செடி?"

"செடியெல்லாம் இல்ல. வெறும் எண்ணெயும் மெழுகும்."

மீதமிருந்த வெள்ளை மூடியைக் கையில் எடுத்தேன். என் வீட்டில் இருக்கும் பாட்டிலின் மூடியும் வெள்ளை.

"அப்ப நான் பத்தொம்பது நாளா தடவுறது?"

"அதேதான்."

"மருந்தே இல்லையா?"

"ஒங்களுக்கு வியாதி இருந்தால்ல மருந்து? கழுவுறதுதான் வியாதி. டாக்டரு சொன்னாரு, ஒங்க வீட்டுல சொன்னாங்க, கேட்டீங்களா? கையில எண்ணெ இருந்தா தண்ணிய தொட மாட்டீங்க. இப்ப எத்தன தடவ கழுவுறீங்க?"

"நாலு."

"பாத்தீங்களா. எண்ணிக்கை கொறஞ்சிருக்கு."

உப்புமாவுக்கு ஜாம் தொட்டுத் தின்றதை நினைத்தால் கோபம் வந்தது. விரல் நுனிகளைப் பார்த்தால் கோபம் தங்கவில்லை. வெடிப்புகள் மூடி, மெல்லிய கோடுகள் தெரியத் தொடங்கியிருந்தன. எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து, வழக்கப்படி கையைக் கழுவப் போய், மருந்து கோபித்துக்கொள்ளுமே என்று திரும்பி வந்தேன். அது மருந்தே இல்லை என்பது படுக்கப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை செல்வி வந்தார். அக்கா சிவப்பு மூடி போட்ட ஜாம் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"மோந்து பாரு. எப்பிடி இருக்கு?"

"என்னக்கா, டயரு நாத்தம் அடிக்கிது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் ஆறாவது மின்கம்பம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, பத்து நாற்பதுக்குக் கம்ப்யூட்டர் சென்டர் எந்திரம், வலது கை மோதிர விரலில், ஏழாவது முயற்சியில் என்னை ஏற்றுக்கொண்டது.

"தாத்தா, உசுரோட இருக்கீங்க."

"நிச்சயமாத்தானே?"

"பிரின்ட் எடுத்துத் தரவா?"

மூன்று பிரதி வாங்கிக்கொண்டேன்.

ஜனவரிக் குளிரில் களிம்பக்காவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அய்யம்பாளையத்தில் இருக்கும் மகள் வந்து, அவரையும் நாற்பத்து மூன்று பாட்டில்களையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார். வேன் கிளம்பியது காலை ஏழு ஐம்பத்தைந்து. எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் போன் வந்தது.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? இங்க ஒரே வெக்க. மேல கல்லு மாதிரி இருந்ததெல்லாம் இங்க கஞ்சி மாதிரி ஓடுது. மெழுகு கூடப் போட்டுத் திருப்பிக் காச்சணும்."

"காச்சுங்க."

"வேனு வளைவுல திரும்புறப்ப ஏழு மூடி கழண்டுருச்சு. எது எதுன்னு தெரியல."

"மகள மோந்து பாக்கச் சொல்லுங்க."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் மகளிடம் அப்போது இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"சும்மா சொன்னேன்ணே. கீழ யாராவது வந்தா பாத்துக்கலாம். நீங்க வந்துறாதீங்க, ஒங்களுக்கு பஸ்ஸு ஆகாது."

மறுநாள் 6.10 வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு, "டைம்கீப்பர் சார், ஆள அனுப்ப வந்தீங்களா?" என்றார். "நானே போறேன்" என்றதும் ஜன்னலோர சீட்டைக் காலி செய்து கொடுத்தார்.

அய்யம்பாளையத்தில் மகள் காபி போட உள்ளே போன நேரம் பார்த்து, பின்கட்டில் உட்கார்ந்து ஏழு பாட்டிலையும் மோந்தேன். ஸ்டெப்னி டயர் இரண்டு, மதுரை பஸ் ஒன்று, போர்வை இரண்டு, கண்டக்டர் பை ஒன்று. ஏழாவது, ஒரு ஊறுகாய் பாட்டிலில், ஒன்றும் வரவில்லை. அதன் வெள்ளை மூடி மலைப்பாதையில் எங்கேயோ விழுந்து போயிருந்தது.

வழியில் கை கழுவ முடியாதே என்று என் ஜாம் பாட்டிலைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். அதன் மூடியைக் கழற்றி அந்தப் பாட்டிலின் மீது வைத்தேன்.

"அது ஜாம் பாட்டிலுக்குப் போட்ட மூடிண்ணே. இதுக்குப் பொருந்தாது," என்றார் அக்கா.

"தெரியும்க்கா. ரப்பர் பேண்டு இருக்கா?"

கொண்டுவந்து கொடுத்தார். நானே கட்டினேன்.

வீடு திரும்பி, பழக்கப்படி கணக்கு எழுதினேன். எனக்கு ஆன மொத்தச் செலவு: எலுமிச்சம்பழம் மூன்று, வாந்தி போக நான்கு வர நான்கு ஆக எட்டு, வெள்ளை மூடி ஒன்று.